மெர்த்தொலா: படகு நின்றுவிடும் இடத்தில் ஓர் ஊர்

போர்ச்சுகலில் மொத்தம் 308 நகராட்சிகள் இருக்கின்றன. அந்நாட்டில் நகராட்சி என்பது ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்குவதில்லை; ஒரு தலைமையூரும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் சேர்ந்து, பரப்பில் நம் ஊர் வட்டங்களோடு ஒப்பிடத்தக்க நிலப்பகுதியாக அது இருக்கும். நாட்டின் தென்கிழக்கே, அலென்தேஜு பகுதியின் பேஜா மாவட்டத்தில், ஸ்பெயின் எல்லையைத் தொட்டபடி இருக்கும் மெர்த்தொலா அவற்றுள் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 1,290 சதுர கிலோமீட்டர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் சுமார் 6,200 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட இல்லை. மக்கள்தொகையில் சிறியதாகவும் நிலத்தில் பெரியதாகவும் இருக்கும் இந்த நகராட்சியில், என் லிஸ்பன் அலுவலகம் வெளியூரிலிருந்து வேலை செய்ய இசைந்த ஒரு வசந்த காலத்தில் அறையெடுத்துத் தங்கினேன். அதன்பின் வேறு பருவங்களிலும் சென்றிருக்கிறேன். சிறிய ஊர் ஒன்றின் வரலாற்றை எந்த முனையிலிருந்து பிடித்தால் அது நமக்குப் பிடிபடும் என்பதை அங்கே தங்கியதில் ஓரளவு அறிந்துகொண்டேன். அங்கே செல்ல நினைப்பவர்களுக்கும், அதுபோன்ற ஏதேனும் ஓர் ஊரை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கும் பயன்படக்கூடும் என்று அதை எழுதி வைக்கிறேன்.

நாகப்பட்டினத்துக்கும் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கப்பலில் வந்தவர்கள் என்பதால், போர்ச்சுகீசியரை நாம் கடலோடிகளாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அவர்களுடைய நாட்டின் உள்பகுதி எப்படி இருக்கும் என்ற கேள்வியே நமக்கு எழுவதில்லை. மெர்த்தொலா, கடலிலிருந்து ஆற்று வழியே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் உள்ளே, ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் வறண்ட குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது. ஆயினும் அது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் துறைமுகமாக இருந்த ஊர். இந்த முரண்பாட்டை முதலில் விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக வந்து இணைந்துகொள்கின்றன. எனவே அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, கண்ணில் படும் கோட்டையை நோக்கி உடனே ஏறிவிடாமல், சரிவில் இறங்கி ஆற்றங்கரைக்குச் செல்லுங்கள் என்பதுதான்.

குவாதியானா ஆறு ஸ்பெயினில் தோன்றி, போர்ச்சுகலுக்குள் நுழைந்து தெற்கே ஓடி, மீண்டும் இரு நாடுகளுக்கும் எல்லையாகி அட்லாண்டிக்கில் கலக்கிறது. அதன் வலக்கரையில், ஒயெய்ராஷ் என்னும் சிற்றாறு வந்து சேரும் முனையில், இரண்டு பக்கமும் நீரை அரணாகக் கொண்ட ஒரு பாறை முகட்டின் மேல் மெர்த்தொலா அமர்ந்திருக்கிறது. கரையில் சற்று நேரம் நின்றால் ஒன்று தெரியும்: ஆற்று நீர் சில நேரம் கீழ்நோக்கி நகராமல் தேங்கி நிற்கும், சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் கரைக்கற்களில் ஈரக்கோடு மட்டும் மிஞ்ச, மட்டம் இறங்கியிருக்கும். கடலின் ஏற்ற இறக்கம் இவ்வளவு தூரம் உள்ளே வந்து போகிறது. ஏற்றத்தில் வரும் நீரின் மீதேறிப் பாய்மரப் படகுகள் இதுவரை வந்துவிடலாம். ஊருக்குச் சற்று மேலேயே பாறைகளும், நீரால் சுழன்ற பழைய மாவு ஆலைகளின் தடுப்புகளும் குறுக்கிடுவதால் அதற்கு மேல் படகு போகாது. சரக்கை இங்கே இறக்கியே ஆக வேண்டும். உள்நாட்டிலிருந்து வருவதை இங்கே ஏற்றியே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்திலிருந்து பிறந்த ஊர் இது.

ஆறு ஏன் அதற்கு மேல் படகுக்கு இடம் கொடுப்பதில்லை என்பதை நேரில் பார்க்க, வடக்கே பூலு து லோபு என்னும் அருவிக்குச் செல்ல வேண்டும். ‘ஓநாயின் தாவல்’ என்று பொருள்படும் அந்தப் பெயருக்கேற்ப, அகன்று வரும் ஆறு ஓநாய் தாவிக் கடக்கலாம் போன்ற ஒரு பாறை இடுக்கில் நெருங்கி, பதினைந்து மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விழுகிறது. பனியுகக் காலத்தில் கடல் மட்டம் இறங்கியபோது ஆற்றின் கீழ்ப்பகுதி ஆழமாக அரிக்கப்பட்டது. அந்த அரிப்பு கடலிலிருந்து மேல்நோக்கிப் படிப்படியாக ஏறி வந்து நிற்கும் இடமே இந்த அருவி. அருவிக்குக் கீழே நின்று பார்த்தால், பழைய அகன்ற பள்ளத்தாக்கின் தரைக்கு நடுவே புதிய ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று வெட்டப்பட்டிருப்பது கண்ணுக்கே தெரியும். கடலிலிருந்து முட்டையிட வரும் மீன்களுக்கும் இதுவே எல்லை. மெர்த்தொலா உணவகங்களில் குளிர்கால முடிவில் விலாங்கு போன்ற லாம்ப்ரே மீன் கிடைப்பதற்கும் இந்த நில அமைப்புக்கும் தொடர்பு உண்டு. அருவிக்குச் செல்லும் மண்பாதை தனியார் நிலத்தின் ஊடே போகிறது. வழியில் இருக்கும் படலைத் திறந்து போனால், ஆடுகள் வெளியேறாதபடி அதை மீண்டும் மூடிவிட்டுப் போவது அங்கே எழுதப்படாத சட்டம். பாறை விளிம்பில் கைப்பிடிச்சுவர் எதுவும் கிடையாது. மழை பெய்த மறுநாள் அங்கே போக வேண்டாம்.

உரோமர் காலத்தில் இந்த ஊருக்கு மிர்திலிஸ் என்று பெயர். அது தனக்கென நாணயம் அடித்துக்கொண்ட ஊர். அந்நாணயங்களில் மீனும் தானியக் கதிரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆறும் வயலும் சேர்ந்து நடத்திய ஊரின் முகவரி என்று அதைச் சொல்லலாம். சுற்றுப்புறச் சுரங்கங்களின் செம்பும், பேஜா சமவெளியின் கோதுமையும் எண்ணெயும் இங்கிருந்து கப்பலேறின. துறைமுகத்தைக் காக்க, கரையிலிருந்து நீருக்குள் நீட்டிக் கட்டப்பட்ட பழங்கால அரணின் கல்தூண்கள் இன்றும் ஆற்றோரம் நிற்கின்றன. அவற்றைப் பாலத்தின் மிச்சம் என்று நினைத்துப் படமெடுத்துக்கொண்டு போகிறவர்கள் பலர். பாலமாக இருந்தால் அக்கரையிலும் ஏதாவது இருக்க வேண்டுமே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும்.

எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த பொருள் ஒரு கல்லறைக் கல். கோட்டைக்கு வெளியே, கார்மு திடலில், 5-ஆம் நூற்றாண்டு முதல் 8-ஆம் நூற்றாண்டு வரை கிறித்தவர்களை அடக்கம் செய்த ஒரு பழைய ஆலயத்தின் அடித்தளம் அகழ்ந்தெடுக்கப்பட்டு, அதன் மேலேயே அருங்காட்சியகம் ஒன்று கட்டப்பட்டிருக்கிறது. அங்கே கிடைத்த கல்வெட்டுகளுள் சில கிரேக்க மொழியில் உள்ளன. உரோமப் பேரரசு மேற்கில் சிதைந்த பிறகும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலிருந்து மனிதர்கள் இந்த ஆற்றில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. இலத்தீன் கற்களுள் ஒன்று, அந்திரேயாஸ் என்பவருடையது. மெர்த்தொலாத் திருச்சபையின் பாடகர்களுக்குத் தலைவராக இருந்து 36-ஆம் வயதில் இறந்தவர் என்று அது சொல்கிறது. ஆண்டு என்று கல்லில் இருப்பது 563. ஆனால் அவர் இறந்தது கி.பி. 525-இல். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பழைய கல்வெட்டுகளும் ஆவணங்களும் கிறித்து ஆண்டுக்கு 38 ஆண்டுகள் முன்பிருந்து தொடங்கும் ஒரு கணக்கைப் பின்பற்றின; போர்ச்சுகல் அதைக் கைவிட்டது 1422-இல்தான். எனவே இடைக்காலக் கல்லில் ‘எரா’ என்று தொடங்கும் எண்ணைக் கண்டால் 38-ஐக் கழித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு கணக்கைத் தெரிந்து வைத்திருந்தால், நாட்டின் எந்த மூலையிலும் தேவாலயச் சுவர்களை விளக்கப் பலகையின் உதவியின்றிப் படிக்கத் தொடங்கலாம்.

8-ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய தீபகற்பத்தின் பெரும்பகுதியோடு சேர்ந்து இவ்வூரும் முஸ்லிம் ஆட்சிக்குள் வந்தது. கோர்தோபா கலீபாவின் ஆட்சி உடைந்து சிற்றரசுகள் முளைத்த 11-ஆம் நூற்றாண்டில் சிறிது காலம் மெர்த்தொலாவும் தனியரசாக இருந்து, 1044-இல் செவீயாவின் அரசனிடம் வீழ்ந்தது. அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து, 1144-இல், இப்னு கஸீ என்னும் சூஃபித் தலைவரின் சீடர்கள், மொராக்கோவிலிருந்து வந்து ஆண்ட அல்மொராவித் வம்சத்தின் ஆட்சியை எதிர்த்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். மதம் மாறிய உள்ளூர்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தம்மை இமாமாக அறிவித்துக்கொண்டார், அந்த வம்சத்துக்கு எதிராக மொராக்கோவில் எழுந்த அல்மொஹாதுகளைத் துணைக்கு அழைத்தார், பின்பு அவர்களை விட்டு விலகிக் போர்ச்சுகலின் முதல் கிறித்தவ மன்னர் அஃபோன்சு என்ரிக்கெஷுடன் நட்புப் பூண்டார், அந்த நட்பைப் பொறுக்காத சில்வெஷ் நகரத்தாரால் 1151-இல் கொல்லப்பட்டார். கோட்டை வாசலுக்கு அருகே குதிரை மீது அமர்ந்த அவருடைய சிலை இருக்கிறது. தங்களை வென்ற அரசர்களுக்கு மட்டும் சிலை வைக்கும் வழக்கம் பரவலாக உள்ள உலகில், தோற்றுப்போன ஒரு முஸ்லிம் துறவியை ஊர்முகப்பில் நிறுத்தியிருப்பதை நான் இந்த நகராட்சியின் குணமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் குணத்தை மேலும் தெளிவாகக் காட்டுவது ஊரின் தலைமைத் தேவாலயம். 12-ஆம் நூற்றாண்டுப் பள்ளிவாசலாக இருந்த கட்டடம் அது. போர்ச்சுகலில் இந்த அளவுக்கு எஞ்சியிருக்கும் பள்ளிவாசல் வேறில்லை. வெளியிலிருந்து வெள்ளையடித்த சுவரும் கூம்பு முடிகளும் மட்டுமே தெரியும். உள்ளே நுழைந்தால் வழக்கமான நீண்ட தேவாலயத்தின் அமைப்பு இல்லாமல், ஏறத்தாழச் சதுரமான ஒரு கூடத்தில், ஐந்து வரிசை இடைவெளிகளைப் பிரித்தபடி தூண்கள் நிற்கின்றன. 16-ஆம் நூற்றாண்டில் மேற்கூரையை மாற்றிக் கல்வளைவுகள் அமைத்தார்கள். தூண்களிடையே நடப்பவருக்குப் பள்ளிவாசலின் பரப்பு இன்னும் புலப்படுகிறது. பலிபீடத்தின் பின்பக்கம் சென்று பாருங்கள்: தொழுகைத் திசையைக் காட்டும் மாடம், சுண்ணச் சாந்தில் செய்த பல்லிதழ் வளைவுகளுடன் அங்கே இருக்கிறது. சுவர்களில் குதிரை லாட வடிவ வாசல்கள் நான்கு எஞ்சியிருக்கின்றன. 1509-ஐ ஒட்டி மன்னர் முதலாம் மனுவேலுக்காக எல்லைக் கோட்டைகளைச் சுற்றிப் பார்த்து வரைந்த துவார்த்தெ டி ஆர்மஷ், இந்தக் கட்டடத்தை அழைப்புக் கோபுரத்தோடு வரைந்திருக்கிறார். அந்தப் படத்தின் நகல் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, அவர் நின்றிருக்கக்கூடிய அக்கரைச் சரிவுக்குப் போய் நின்று ஊரை ஒப்பிட்டுப் பார்த்தது, நான் அங்கே செலவிட்ட மிகச் சிறந்த மாலைப்பொழுது. பழைய கோட்டைகள் உள்ள எல்லையோர நகராட்சிகள் பலவற்றுக்கு அவருடைய படங்கள் உண்டு என்பதால், இந்த வழியை வேறு ஊர்களிலும் கையாளலாம்.

கிறித்தவர்கள் 1238-இல் ஊரைப் பிடித்தார்கள். சந்தியாகு என்னும் கிறித்தவத் துறவிப் போர்வீரர் சங்கம் அதைப் பெற்றுத் தன் தலைமையிடமாக வைத்துக்கொண்டது. கோட்டையின் பெரிய கோபுரம் 1292-இல் முடிந்தது. நாட்டின் தென்கோடியான அல்கார்வே முழுவதும் வெல்லப்பட்டு எல்லை கடலுக்கே போய்விட்டதும் சங்கம் வடக்கே நகர்ந்தது. வாணிகம் அட்லாண்டிக் துறைமுகங்களுக்குத் திரும்பியபோது ஆற்றுத்துறை மெலியத் தொடங்கியது. பிற்பாடு வாஸ்கோ ட காமா இதே சங்கத்தின் வீரராக இருந்துதான் கிழக்கே கப்பலேறினார் என்பதைத் தமிழ் வாசகர் குறித்துக்கொள்ளலாம். அவர் திறந்த வழி, இதுபோன்ற உள்நாட்டு ஆற்றுத்துறைகளை மேலும் பின்னுக்குத் தள்ளிய வழிகளுள் ஒன்று.

ஊர் வறுமையில் கிடந்ததால் இடித்துக் கட்டுவதற்குப் பணமில்லாமல் போனது. அதனாலேயே மண்ணுக்குள் இருந்தவை தப்பின. 1974 ஏப்ரலில் சர்வாதிகாரம் முடிந்த பின் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் வென்ற நகராட்சித் தலைவர் லிஸ்பனில் வரலாறு படித்தவர். அவருடைய அழைப்பின் பேரில் 1978-இல் வந்த ஆசிரியர் கிளாவ்தியு தோரெஷ், மெர்த்தொலா அகழாய்வுக் களத்தை நிறுவி, பின்பு குடும்பத்தோடு இங்கேயே குடியேறிவிட்டார். கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் இடையே, கிறித்தவர்கள் இடுகாடாகப் பயன்படுத்தி வந்த நிலத்துக்கடியில் அல்மொஹாத் காலத்து வீடுகளின் ஒரு தெருவே வெளிப்பட்டது. முற்றமும் அடுக்களையும் கழிவுநீர்க் காலும் உள்ள வீடுகள். அவற்றுக்கும் கீழே, 6-ஆம் நூற்றாண்டு ஞானஸ்நானத் தொட்டியைச் சூழ்ந்திருந்த மொசைக் தரையில், சிறகுக் குதிரை ஏறிய கிரேக்கப் புராண வீரன் பெல்லரோஃபோன் கிமேரா என்னும் விலங்கைக் கொல்லும் காட்சி கிடைத்தது. கிடைத்ததைத் தலைநகருக்கு அனுப்பாமல் ஊரிலேயே வைப்பது என்று முடிவு செய்தார்கள். அதன் பயனாக இன்று மெர்த்தொலா அருங்காட்சியகம் ஒரே கட்டடத்தில் இல்லை. நகராட்சி அலுவலகத்தின் அடித்தளத்தில் உரோமர் வீடு, வேறொரு தெருவில் இஸ்லாமியக் கலைக்கூடம், பழைய கொல்லுப்பட்டறை, நெசவுக்கூடம் என்று ஊர் முழுதும் சிதறிக் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் சேர்த்த நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, அவசரமின்றிப் பிரித்துப் பார்ப்பது நல்லது. போர்ச்சுகலில் அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் பயண நாளைக் குறிக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்.

நெசவுக்கூடத்தை மட்டும் நான் பலமுறை தேடிப் போனேன். சாயமேற்றாத ஆட்டு ரோமத்தின் வெள்ளையும் பழுப்புமே நிறங்கள். அவற்றைக்கொண்டு முக்கோணமும் சாய்சதுரமும் அடுக்கிக் கனத்த கம்பளிகளை நெய்கிறார்கள். தறியில் இருந்த மூதாட்டி, தம் தாய் காலத்தில் மணப்பெண்ணுக்குக் கம்பளி இல்லாமல் கல்யாணம் நடக்காது என்றும், இப்போது வாங்குகிறவர்கள் அதைச் சுவரில் மாட்டுகிறார்கள் என்றும் சொன்னார். சுவரில் மாட்டுவதைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பெரும்பாலான பயணிகள் கோட்டை ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நகராட்சியின் பிற்கால வரலாறு அதற்கு வெளியே இருக்கிறது; அதைக் காண மக்கள்தொகைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த நகராட்சியில் 25,000-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இன்று இருப்பது அதில் கால்பங்கு. இந்த ஏற்றத்துக்கும் வீழ்ச்சிக்கும் இரண்டு காரணங்கள் உண்டு; ஒன்று கோதுமை, மற்றது கந்தகக்கல்.

1929-இல் தொடங்கிய கோதுமை இயக்கத்தின் மூலம், நாடு தனக்கு வேண்டிய தானியத்தைத் தானே விளைவிக்க வேண்டும் என்று சர்வாதிகார அரசு அலென்தேஜு முழுவதையும் உழச் செய்தது. பேஜாவின் கரிய மண்ணுக்கு அது தாங்கும். மெர்த்தொலாவின் குன்றுகளில் பலகைப் பாறையின் மேல் ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்களே அதிகம். புதரை வெட்டி உழுத சரிவுகளிலிருந்து சில பத்தாண்டுகளில் மண் ஆற்றுக்குப் போய்விட்டது. எவ்வளவு போகிறது என்று அளப்பதற்காகவே 1960-களில் வாலெ ஃபொர்மோசு என்னும் இடத்தில் ஓர் ஆய்வு மையத்தை அரசு அமைக்கும் நிலை வந்தது. விளைச்சல் குறைந்ததும் கூலிக்காரர்கள் லிஸ்பனின் தொழிற்சாலைகளுக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போனார்கள். சாலையோர வெட்டுச் சரிவுகளில் வண்டியை நிறுத்தி மண்ணின் தடிப்பைக் கையால் அளந்து பாருங்கள். ஒரு நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு விரலுக்குள் அடங்கிவிடும். கைவிடப்பட்ட வயல்களில் இப்போது எஸ்தேவா என்னும் புதர் மண்டியிருக்கிறது. ஏப்ரலில் அதன் வெள்ளைப் பூக்களின் இதழடியில் கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும்; இலையைத் தொட்டால் பிசின் விரலில் ஒட்டிக்கொள்ளும், வாசனை மாலைவரை போகாது.

சுரங்கத்தின் கதை இன்னும் கூர்மையானது. மெர்த்தொலாவுக்குக் கிழக்கே, எல்லையருகே, உரோமர்கள் தோண்டிய சாவ் தொமிங்குஷ் சுரங்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். ‘மேசன் அண்டு பேரி’ என்னும் ஆங்கில நிறுவனம் 1850-களின் கடைசியில் அதைக் குத்தகைக்கு எடுத்து 1966 வரை நடத்தியது. செம்பும் கந்தகமும் நிறைந்த தாதுவை வெட்டியெடுத்து, குவாதியானா கரையில் இருக்கும் பொமராவ் துறைக்குத் தனி இரயில் பாதை போட்டு, அங்கே நீராவிக் கப்பல்களில் ஏற்றினார்கள். போர்ச்சுகலில் மின்விளக்கு முதலில் எரிந்த இடங்களுள் ஒன்று இந்தச் சுரங்க ஊர். நிறுவனத்துக்குச் சொந்தக் காவற்படையும் இருந்தது. அதை நடத்திய ஜேம்ஸ் மேசனுக்குப் போர்ச்சுகல் அரசு பொமராவ் பிரபு என்ற பட்டமும் கொடுத்தது. தொழிலாளர் குடியிருப்புகளைப் பாருங்கள்: நீளமான வெள்ளை வரிசைகள், ஒரு குடும்பத்துக்கு நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் ஒரே அறை. அவற்றுள் ஒன்று இப்போது சுரங்கத் தொழிலாளர் இல்லமாகக் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகத்தினர் தங்கிய மாளிகை விடுதியாகிவிட்டது. ஆங்கிலேயருக்குத் தனி இடுகாடும் உண்டு.

சுரங்கக் குழியில் தேங்கியுள்ள நீர் கருஞ்சிவப்பு நிறம். கந்தகக்கல் காற்றிலும் நீரிலும் பட்டு அமிலமாக மாறிக்கொண்டே இருப்பதால் அதில் மீனோ தவளையோ கிடையாது. தெற்கே நடந்தால் அஷாதா து காமு என்னும் இடத்தில் பழைய கந்தகத் தொழிற்சாலைகளின் இடிந்த கோபுரங்கள் மஞ்சளும் செம்மண் நிறமுமான கசடு மேடுகளுக்கு நடுவே நிற்கின்றன. பழைய காலணி போட்டுக்கொண்டு செல்லுங்கள், நீரைத் தொடாதீர்கள், சுவர்களுக்குக் கீழே நிற்காதீர்கள், குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள். அதே ஊரின் மறுபுறம், சுரங்கத்துக்கு நீர் தருவதற்காகக் கட்டிய தபாதா கிராந்தெ ஏரியில் கோடை முழுதும் மக்கள் நீந்துகிறார்கள். ஒரே நிறுவனம் விட்டுச்சென்ற இரண்டு நீர்நிலைகள் இவை. சுரங்கம் மூடியதும் தண்டவாளங்களைப் பெயர்த்து விற்றுவிட்டார்கள். அந்தப் பாதை இன்று நடப்பதற்கும் மிதிவண்டிக்கும் நன்றாக இருக்கிறது, கைவிளக்கு ஒன்றை எடுத்துச் சென்றால் பொமராவ் பக்கத்துச் சுரங்கவழிகளைத் தயங்காமல் கடக்கலாம்.

விளைச்சலும் சுரங்கமும் இல்லாத நாட்களில் எல்லை சோறு போட்டது. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பின் அங்கே காப்பிக்கொட்டைக்குப் பெரும் தட்டுப்பாடு இருந்ததால், மூட்டைகளை முதுகில் சுமந்து இரவில் இரு நாட்டு எல்லையான ஷான்சா ஆற்றைக் கடந்தவர்கள் இப்பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் உண்டு. சந்தானா டி காம்பாஷ் என்னும் ஊரில் கள்ளக்கடத்தலுக்கென்றே ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். முதியவர்கள் அதைப் பற்றி வெட்கமின்றிப் பேசுகிறார்கள். கோட்டையைப் பற்றிக் கேட்டால் அகழாய்வாளரைக் கைகாட்டும் அதே மனிதர்கள், காப்பியைப் பற்றிக் கேட்டால் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள். சிற்றூர்களில் உரையாடலைத் தொடங்க விரும்புகிறவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

மக்கள் குறைந்த நிலத்துக்கு வேறு குடியினர் வந்திருக்கிறார்கள். 1995-இல் இப்பகுதியில் குவாதியானா பள்ளத்தாக்கு இயற்கைப் பூங்கா அமைக்கப்பட்டது. 2000-களின் தொடக்கத்தில் உலகில் நூற்றுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்த ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனையை, இனப்பெருக்க மையங்களில் வளர்த்து, 2014 டிசம்பரில் மெர்த்தொலாவில் விடத் தொடங்கினார்கள். முயல் நிறைந்த புதர்க்காடு இங்கே இருந்ததே காரணம்; கைவிடப்பட்ட கோதுமை வயல்களின் உபயம் அது. கோதுமைக் காலத்துத் தானியக் கிடங்கு ஒன்று உயிரியல் ஆய்வு நிலையமாக மாற்றப்பட்டிருக்கிறது. லின்க்ஸைப் பார்த்துவிடலாம் என்று யாரும் நம்பிப் போக வேண்டாம். நான் பார்த்ததெல்லாம் சாலையோரம் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள்தான். வேட்டையும் இங்கே பெருந்தொழில். நாட்டின் வேட்டைத் தலைநகர் என்று நகராட்சி தன்னை விளம்பரப்படுத்திக்கொள்கிறது. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வியாழன், ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். அந்நாட்களில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை அணிந்து, குறியிட்ட பாதைகளை விட்டு விலகாமல் நடக்க வேண்டும்.

பயண ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, மெர்த்தொலாவுக்கு இரயில் இல்லை. பக்கத்து இரயில் நிலையம் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பேஜாவில் இருக்கிறது. வெளியூர்ப் பேருந்தில் தலைமையூர்வரை வந்துவிடலாம். சிற்றூர்களுக்குச் செல்லும் பேருந்துகள் பெரும்பாலும் பள்ளி மாணவர்களுக்காக ஓடுபவை என்பதால், விடுமுறைக் காலத்திலும் வார இறுதியிலும் அவற்றை நம்ப முடியாது. கால அட்டவணையில் பள்ளி நாட்களுக்கு மட்டும் என்ற குறிப்பு ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டுத் திட்டமிடுங்கள். அருவி, சுரங்கம், பொமராவ் மூன்றையும் காண வாடகைக் கார் தேவை. நிலத்தைக் கூர்ந்து பார்க்க விரும்பினால், போர்ச்சுகல் இராணுவ நிலவரை மையம் வெளியிடும் 1:25,000 அளவிலான வரைபடத் தாள்கள் கைப்பேசி வரைபடங்களைவிட மிகவும் உதவும். பாழடைந்த பண்ணை வீடும் கிணறும் நீராலையும்கூட அவற்றில் பெயரோடு இருக்கின்றன.

மார்ச், ஏப்ரல் மாதங்களே ஏற்றவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் நடக்கும் இஸ்லாமிய விழாவின்போது தெருக்களுக்கு மேலே துணி விரித்து மொராக்கோச் சந்தைபோல் ஆக்கிவிடுகிறார்கள்; 2001 முதல் நடக்கும் அந்த விழாவுக்குப் போக விரும்புவோர் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் சாதாரணம். அப்போது காலை பத்து மணிக்குள் வெளிவேலையை முடித்து, பிற்பகல் முழுதும் நிழலில் இருந்து, மாலையில் மீண்டும் புறப்படும் உள்ளூர்க்காரர் வழக்கத்தையே பின்பற்றுங்கள். நண்பகல் உணவு இரண்டு மணிக்குப் பின் கிடைப்பது கடினம். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பூண்டும் கொத்தமல்லியும் எண்ணெயும் வெந்நீரும் பழைய ரொட்டியும் சேர்ந்த அசோர்தாவைக் கேட்டு வாங்கலாம். முட்டையும் மீனும் சேர்ப்பது வழக்கம், வேண்டாம் என்றால் சொல்லிவிட வேண்டும்.

காரில் வருகிறவர்கள் திரும்பும்போது பொமராவ் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஷான்சா ஆறு குவாதியானாவில் கலக்கும் அவ்விடத்தில் 2009-இல் பாலம் திறக்கப்பட்டபின், முன்பு நெடுந்தூரம் சுற்றிப் போக வேண்டியிருந்த ஸ்பெயினின் எல் கிரனாதோ ஊருக்குச் சிறிது நேரத்தில் போய்விடலாம். வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட நிறுவனத்தின் இசைவு உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். பாலத்தைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும்; ஆனால் ஸ்பானியர் மதிய உணவுக்கு அமர்வதே இரண்டு மணிக்கு மேல்தான் என்பதால், பொமராவில் உணவகம் மூடிவிட்டது என்று கண்டவர்களுக்கு அக்கரையில் இன்னும் இடம் இருக்கும்.